எல்லோரையும் அழைத்த யானை

தலித் ஊழியர்களின் சிறு கூட்டமைப்பில் முளைத்து, பிராமணர்களின் கதவைத் தட்டி, நாட்டின் மிகப்பெரிய மாநிலத்தைத் தனியாகப் பிடித்த கட்சி பகுஜன் சமாஜ். அழைத்தவர்கள் வந்தார்கள். ஆனால் தங்கவில்லை. ஏன்?

லக்னோவில் 2005 ஜூன் 9 அன்று அரங்கேறிய காட்சியை அரசியல் பார்வையாளர்கள் பலர் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பார்த்தார்கள். சங்கொலி, வேத மந்திரங்கள், நெற்றியில் திலகம் இட்ட ஆயிரக்கணக்கான பிராமணர்கள். மேடையின் நடுநாயகமாக மாயாவதி. அருகே வழக்கறிஞர் சதீஷ் சந்திர மிஸ்ரா. சில ஆண்டுகளுக்கு முன்புவரை திலகத்தையும் தராசையும் வாளையும், அதாவது பிராமணர், பனியா, தாக்கூர் மூவரையும் செருப்பால் அடிக்கச் சொல்லும் கோஷத்தோடுதான் இந்தக் கட்சியின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டது. (அது தங்கள் கோஷமே அல்ல என்று மாயாவதி பின்னர் மறுத்தார்.) இப்போது கோஷம் மாறியிருந்தது. இது யானை அல்ல, கணேசர். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரன் எல்லாம் இதுவே என்றது புதிய முழக்கம். பிராமணர் சங்கு ஊத, யானை முன்னேறும் என்றது இன்னொன்று.

சிரித்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் வாயடைத்துப்போனார்கள். 2007 மே மாதம் உத்தரப் பிரதேச சட்டமன்றத்தின் 403 இடங்களில் 206ஐ பகுஜன் சமாஜ் கட்சி தனித்துப் பிடித்தது. 1991க்குப் பிறகு அந்த மாநிலத்தில் எந்தக் கட்சிக்கும் கிடைக்காத தனிப் பெரும்பான்மை.

அடுத்த காட்சிக்கு 2024க்கு வர வேண்டும். மக்களவைத் தேர்தலில் உ.பி.யின் 80 தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. 2007இல் 30.4 சதவீதமாக இருந்த வாக்குகள் 9.4 சதவீதமாகச் சுருங்கிவிட்டன. எல்லாச் சமூகங்களையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவருவோம் என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. அதைத் திட்டமிட்டு, கமிட்டி போட்டு, தொகுதி தொகுதியாகச் செய்து காட்டிய கட்சிகள் அபூர்வம். அப்படிச் செய்து வென்ற கட்சியே தோற்றது எப்படி என்பதில், ஆதரவாளர்களை எண்ணிக்கையாகப் பார்க்கும் எல்லாக் கட்சிகளுக்கும் பாடம் இருக்கிறது.

பேனாவும் மூடியும்

கதை தொடங்குவது லக்னோவில் அல்ல, புனேயில். பஞ்சாபின் ரோபர் மாவட்டத்தைச் சேர்ந்த ராம்தாசியா சீக்கியக் குடும்பத்தில் 1934இல் பிறந்த கன்ஷிராம், 1960களில் புனேயில் ராணுவத்துக்கான வெடிமருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் புத்த ஜெயந்திக்கும் விடுமுறை ரத்தாயிற்று. அதை எதிர்த்த ராஜஸ்தானைச் சேர்ந்த கடைநிலை ஊழியர் தீனா பானா தற்காலிக வேலை நீக்கம் செய்யப்பட்டார். படித்த, நல்ல சம்பளம் வாங்கிய தலித் அதிகாரிகள் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. கன்ஷிராமை உலுக்கியது அந்த மௌனம்தான். வேலையை விட்டார். திருமணம் வேண்டாம், சொத்து வேண்டாம், வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்து குடும்பத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அவர் முதலில் தேடியது வாக்காளர்களை அல்ல; இட ஒதுக்கீட்டால் அரசு வேலை பெற்று, சொந்தச் சமூகத்தை விட்டு விலகி நகரக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஊழியர்களை. 1978 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில், பிற்பட்ட மற்றும் சிறுபான்மைச் சமூக ஊழியர்கள் கூட்டமைப்பான 'பாம்செஃப்' முறைப்படி தொடங்கியது. அரசு ஊழியர்கள் அரசியலில் ஈடுபட முடியாது. எனவே இது அரசியல் அமைப்பல்ல, மத அமைப்பல்ல, போராட்ட அமைப்பும் அல்ல என்று அறிவிக்கப்பட்டது. சமூகம் உனக்குக் கொடுத்ததைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்பதே அழைப்பு. பணம், நேரம், அறிவு என்று மூன்று வகைச் சந்தா.

1981 டிசம்பர் 6 அன்று அடுத்த படி: தலித் சோஷித் சமாஜ் சங்கர்ஷ் சமிதி. சுருக்கமாக டி.எஸ்.4. இது தெருவில் இறங்கிய அமைப்பு. ரயில் கட்டணத்துக்கு வழியில்லாத தொண்டர்களுக்குக் கன்ஷிராம் காட்டிய வாகனம் சைக்கிள். 1983இல் சைக்கிள் பேரணி வட மாநிலங்களைச் சுற்றி வந்தது. போகும் வழியில் உள்ள சேரிகளில் தங்கல், அங்கேயே சாப்பாடு, அங்கேயே கூட்டம்.

கூட்டங்களில் அவருடைய கருவி ஒரு பேனா. அதைச் செங்குத்தாகப் பிடித்துக் காட்டுவார். மேலே உள்ள மூடி 15 சதவீதம்; கீழே உள்ள உடல் 85 சதவீதம். தலித், பழங்குடி, பிற்பட்டோர், சிறுபான்மையினர் சேர்ந்த அந்தப் பெரும்பான்மைக்கு அவர் வைத்த பெயர் 'பகுஜன்'. பேனாவைப் படுக்கைவசமாகத் திருப்பினால் மூடியும் உடலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த அரசியல் பாடம் அது. யாருக்கு எவ்வளவு எண்ணிக்கையோ அவருக்கு அவ்வளவு பங்கு என்ற முழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

1984 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. முதல் தேர்தலில் தோல்வி. அதுபற்றி அவர் கவலைப்படவில்லை. முதல் தேர்தல் தோற்பதற்கு, இரண்டாவது தோற்கடிப்பதற்கு, மூன்றாவது ஜெயிப்பதற்கு என்பது அவர் தொண்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு. 1988இல் அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி.சிங்கை எதிர்த்து நின்றபோது வீடு வீடாகக் கேட்டது ஒரு ஓட்டு, ஒரு நோட்டு. ஓட்டு போடுபவன் ஒரு ரூபாயும் கொடுத்தால் அவன் வாக்காளன் மட்டுமல்ல, பங்காளி. மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால் கிட்டத்தட்ட 70,000 ஓட்டுகள் கிடைத்தன.

சிலையும் சரித்திரமும்

டெல்லியில் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாயாவதியைக் கன்ஷிராம் சந்தித்தது 1977இல். கைரானா, பிஜ்னோர், ஹரித்வார் என்று மூன்று தோல்விகளுக்குப் பிறகு 1989இல் பிஜ்னோரிலிருந்து அவர் மக்களவைக்குப் போனார். 1995 ஜூன் 3 அன்று, 39ஆவது வயதில், முதல்வரானார். இந்தியாவில் தலித் பெண் ஒருவர் முதல்வரானது அதுவே முதல் தடவை.

தலித் என்ற ஒரே சொல்லுக்குள் பல உலகங்கள் இருப்பதைக் கட்சி அறிந்திருந்தது. உ.பி.யின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு தலித்துகள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஜாதவ்கள், மாயாவதியின் சமூகம். மற்றவர்கள் பாசி, வால்மீகி, தோபி, கோரி, கட்டிக் என்று பிரிந்து கிடந்தார்கள். இவர்களை அழைக்கக் கட்சி கையில் எடுத்தது சரித்திரத்தை. ஜான்சி ராணியின் படையில் போரிட்ட கோரி சமூகத்து ஜல்காரிபாய். 1857இல் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் ஆங்கிலேயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தியதாகப் பாசி மக்கள் நினைவுகூரும் ஊதா தேவி. பாசி மன்னன் பிஜிலி. பாடப் புத்தகத்தில் இடமில்லாத இவர்களுக்கு மேடையில் இடம் கிடைத்தது, சிலை கிடைத்தது, ஆண்டு விழா கிடைத்தது. எங்கள் சாதிக்கும் ஒரு வீரர் உண்டு என்று ஒரு கிராமம் கண்டுகொள்ளும்போது அங்கே கட்சிக் கொடி ஏறுவது எளிதானது.

மாவட்டங்களின் பெயர்களும் மாறின. அம்பேத்கர் நகர், கௌதம புத்தர் நகர், ஜோதிபா பூலே நகர், மஹாமாயா நகர். தலித்துகள் மிகுந்த ஊர்களுக்கு 'அம்பேத்கர் கிராமம்' என்ற திட்டத்தின் பேரில் சாலை, மின்சாரம், குடிநீர் முதலில் போயின.

தமிழர்களுக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியும் இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1995 செப்டம்பரில் மாயாவதி அரசு லக்னோவில் பெரியார் விழா எடுத்தது. ஆட்சியைத் தாங்கிப் பிடித்திருந்ததோ பா.ஜ.க. ராமர் கோயிலை முன்வைத்த கட்சியின் ஆதரவோடு ஆண்டுகொண்டே ராமாயணத்தைச் சாடியவருக்கு விழா. பா.ஜ.க. கொதித்தது. சிலை வைக்கும் யோசனை நின்றுபோனது. அடுத்த மாதமே ஆட்சியும் போயிற்று. பெரியார் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடித்தளத் தொண்டனுக்குக் கொடுக்கும் செய்தியும் கூட்டாளிக்குக் கொடுக்கும் செய்தியும் மோதும்போது என்ன நடக்கும் என்பதற்கு அது முதல் பாடம்.

மாறாத ஓட்டு

இரண்டாவது பாடம் கூட்டணிக் கணக்கில் கிடைத்தது. 1993இல் முலாயம் சிங் யாதவின் சமாஜ்வாதியோடு கூட்டு. பாபர் மசூதி இடிப்புக்குப் பிந்தைய அந்தத் தேர்தலில் பகுஜன் சமாஜுக்கு 67 இடங்கள், சமாஜ்வாதிக்கு 109. கிராமங்களிலோ தலித் கூலியும் யாதவ் நில உடைமையாளரும் எதிரெதிராகவே நின்றார்கள். 1995 ஜூன் 2 அன்று லக்னோவின் அரசு விருந்தினர் மாளிகையில் மாயாவதி தங்கியிருந்த அறையைச் சமாஜ்வாதிக் கூட்டம் முற்றுகையிட்டுத் தாக்கியதோடு அந்த உறவு முறிந்தது. 1996இல் காங்கிரஸோடு கூட்டு. அதே 67 இடங்கள், காங்கிரஸுக்கு 33.

கட்சி கண்டுகொண்டது இதுதான்: தலித் ஓட்டு, தலைமை கைகாட்டிய பக்கம் சிந்தாமல் சிதறாமல் போகிறது. கூட்டாளியின் ஓட்டு தலித் வேட்பாளருக்குத் திரும்பி வருவதில்லை. கொடுக்கல் உண்டு, வாங்கல் இல்லை. அப்படியானால் இடையில் இன்னொரு கட்சி எதற்கு? மற்றச் சமூகத்தவரை நேரடியாக நம் சின்னத்திலேயே நிறுத்தினால், அவருடைய சமூகம் அவருக்காக ஓட்டுப் போடும். நம் ஓட்டு அதோடு சேரும். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு கையில் இருக்கும் கட்சிக்கு, பலமுனைப் போட்டியில் இன்னும் பத்து சதவீதம் கிடைத்தால் போதும்.

இந்தக் கணக்கு ஒரே இரவில் உதித்ததல்ல. வாக்கு சதவீதத்தைப் பார்த்தாலே தெரியும். 1989இலும் 1991இலும் 9.4, 1993இல் 11, 1996இல் 19.6, 2002இல் 23. ஒவ்வொரு தேர்தலிலும் பிற்பட்டோர், முஸ்லிம், மேல்ஜாதி வேட்பாளர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. கன்ஷிராம் 2003இல் பக்கவாதத்தில் விழுந்து, 2006 அக்டோபரில் மறைந்தார். கட்சித் தலைமையை 2003லேயே ஏற்ற மாயாவதி, கணக்கின் கடைசிப் படியை எடுத்து வைத்தார். 'பகுஜன்' என்ற சொல் இருந்த இடத்தில் 'சர்வஜன்' வந்து உட்கார்ந்தது. பெரும்பான்மையோர் நலம் என்பது எல்லோர் நலம் ஆயிற்று.

சகோதரக் கமிட்டிகள்

உ.பி.யின் முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞரான சதீஷ் சந்திர மிஸ்ரா 2004இல் கட்சியில் சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, பிராமணர்களை அழைத்து வருவது. 1990களில் காங்கிரஸ் தேய்ந்தபின் பா.ஜ.க.வுக்குப் போன பிராமணர்கள், அங்கும் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம். முலாயம் ஆட்சியில் யாதவ், தாக்கூர் ஆதிக்கம் அவர்களை உறுத்தியது.

கருவியாக வந்தவை 'பாய்சாரா' கமிட்டிகள், அதாவது சகோதரத்துவக் கமிட்டிகள். சட்டமன்றத் தொகுதிதோறும் ஒன்று. தலைவர் பிராமணர், செயலர் தலித். கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு சமூகத்துத் தெருக்களுக்கும் சேர்ந்தே போக வேண்டும். பிராமணர் வீட்டுத் திண்ணையில் தலித் செயலர் உட்கார்ந்து பேச வேண்டும். தலித் குடியிருப்பில் பிராமணத் தலைவர் வந்து நிற்க வேண்டும். மற்ற மேல்ஜாதியினருக்கும் பிற்பட்டோருக்கும் முஸ்லிம்களுக்கும் இதே மாதிரி அமைப்புகள் வந்தன. மாவட்டந்தோறும் பிராமணர் மாநாடுகள். தொகுதிப் பொறுப்பாளர் யார், அதாவது வேட்பாளர் யார் என்பதைத் தேர்தலுக்கு வெகு முன்பே அறிவித்துவிட்டதால், அவருக்குத் தன் சமூகத்தையும் தலித் தெருவையும் சுற்றிவரப் போதிய அவகாசம் கிடைத்தது.

2007இல் கட்சி நிறுத்திய 403 பேரில் மேல்ஜாதியினர் 139. அவர்களில் 86 பேர் பிராமணர்கள். பிற்பட்டோர் 110, தலித்துகள் 93, முஸ்லிம்கள் 61. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இது நடக்காத காரியம் என்றன. தேர்தல் அறிக்கை வெளியிடும் வழக்கமே இல்லாத, நிருபர்களை நெருங்க விடாத கட்சியின் உள்வேலையை வெளியிலிருந்து எடைபோட முடியவில்லை.

வெற்றிக்குப் பிறகு 'பிராமணர் - தலித் கூட்டணி' என்பதே எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகள் வேறு கதை சொல்லின. பிராமணர்களில் சுமார் ஆறில் ஒருவர்தான் யானைக்கு ஓட்டளித்திருந்தார். அதிகம் பேர் பா.ஜ.க.வோடுதான் இருந்தார்கள். ஜாதவ்களிலோ பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். பாசிகளில் பாதிக்கும் மேல். பிற்பட்டோரில் சிறிய சமூகங்கள் கணிசமாக. கட்சியைத் தூக்கி நிறுத்தியது பழைய கூட்டம்தான். புதியவர்கள் தந்தது கடைசிக் கை. ஆனால் அந்தக் கடைசிக் கை இல்லாமல் 206 இல்லை.

விலை என்ன?

இங்கேதான் சிக்கல். அழைப்பில் வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். 2007இல் பதவியேற்ற சில நாட்களிலும், மீண்டும் அதே ஆண்டு அக்டோபரிலும், மாநிலத் தலைமைச் செயலரிடமிருந்து சுற்றறிக்கைகள் போயின. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தி அப்பாவிகளைத் துன்புறுத்தக் கூடாது. முதல்கட்ட விசாரணைக்குப் பிறகே நடவடிக்கை. கொலை, பாலியல் வன்முறை போன்ற கடும் குற்றங்களுக்கே அந்தச் சட்டம் என்பது அவற்றின் சாரம். மேல்ஜாதியினரின் நெடுநாள் புகாருக்குத் தலித் முதல்வரின் அரசு தந்த பதில் அது. 2018இல் இதே சட்டத்தின் கடுமையைக் குறைக்கும் வகையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மாயாவதி எதிர்த்தார். எதிரணியினர் 2007 சுற்றறிக்கைகளைத் தூசிதட்டி எடுத்துக் காட்டினார்கள்.

தலித் தொண்டனுக்கு என்ன கிடைத்தது? மறுக்க முடியாத ஒன்று கிடைத்தது: மரியாதை. காவல் நிலையத்தில் அவனை உட்காரச் சொன்னார்கள். தாசில்தார் அவன் மனுவை வாங்கினார். லக்னோவிலும் நொய்டாவிலும் கல்லில் எழுந்த பிரம்மாண்ட நினைவகங்களை வீண் செலவு என்று நகரத்துக்காரர்கள் ஏசினார்கள். அம்பேத்கர் விழாக்களுக்குக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து அந்தப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்கள் அப்படி நினைக்கவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அது தடுப்பில்லாத வாசல்.

ஆனால் மரியாதை ஒரு தலைமுறையின் பசி. அடுத்த தலைமுறைக்கு வேலையும் பள்ளியும் வேண்டும். 2010 மார்ச்சில், கட்சியின் வெள்ளி விழாப் பேரணியில், மாயாவதியின் கழுத்தில் விழுந்தது ரூபாய் நோட்டுகளால் கட்டிய மாபெரும் மாலை. ஒரு ஓட்டு, ஒரு நோட்டு என்று வாசல் வாசலாகக் கேட்ட கட்சி எங்கே வந்து நிற்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாமல் சொன்னது. 2012இல் தேர்தல் ஆணையம் யானைச் சிலைகளைத் துணியால் மூடச் சொன்னது. மூடிய யானைக்குத்தான் விளம்பரம் அதிகம் என்று தொண்டர்கள் தேற்றிக்கொண்டார்கள். முடிவு: 80 இடங்கள். ஆட்சி அகிலேஷ் யாதவிடம்.

தோல்வியைவிட முக்கியமானது அமைப்பில் வந்த தேய்வு. தேர்தலுக்காகப் போடப்பட்ட சகோதரக் கமிட்டிகளுக்குத் தேர்தல் முடிந்தபின் வேலை இல்லை. பிராமணத் தலைவர் ஆட்சியில் பங்கு கேட்டார். தலித் செயலர் பழைய தெருவுக்குத் திரும்பினார். இருவரும் ஒரே பாயில் உட்காரக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. ஓட்டைச் சேர்க்கும் வேலையைக் கமிட்டி செய்தது. தண்ணீர்த் தகராறையும் நிலத் தகராறையும் தீர்க்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை.

வந்தவர்கள், போனவர்கள்

கன்ஷிராமின் பள்ளியில் படித்துவிட்டு வெளியேறியவர்களின் பட்டியல் நீளமானது. குர்மிகளின் தலைவர் சோனேலால் படேல் 1995இல் அப்னா தளம் தொடங்கினார். ராஜ்பர்களின் ஓம் பிரகாஷ் ராஜ்பர் 2002இல் சுஹேல்தேவ் பெயரில் தனிக் கட்சி கண்டார். மௌரியர்களின் முகமாக இருந்த சுவாமி பிரசாத் மௌரியா 2016இல் போனார். அதே ஆண்டில் பா.ஜ.க.வுக்குப் போன பிராமணத் தலைவர் பிரஜேஷ் பாடக் 2022இல் மாநிலத் துணை முதல்வரானார். முஸ்லிம் முகமாக விளங்கிய நசீமுதீன் சித்திகி 2017இல் வெளியேற்றப்பட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: அழைக்கப்பட்ட சமூகங்களின் தலைவர்களுக்குக் கட்சியில் நாற்காலி இருந்தது, குரல் இல்லை. முடிவு எல்லாம் ஒரே இடத்தில்.

அவர்கள் விட்டுச் சென்ற வித்தையைக் கற்றது பா.ஜ.க. யாதவ் அல்லாத பிற்பட்டோர், ஜாதவ் அல்லாத தலித்துகள் என்று அது வலை வீசியது. அப்னா தளத்தின் ஒரு பிரிவும் ராஜ்பரின் கட்சியும் அதன் கூட்டாளிகளாயின. சுஹேல்தேவுக்குத் தபால் தலை 2018இல் வந்தது. 2021இல் பஹ்ரைச்சில் அவருடைய நினைவகத்துக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். யானைக் கட்சி சாதி வீரர்களாக மேடையேற்றியவர்கள், இப்போது இந்து வீரர்களாக வேறு மேடையில் அமர்ந்தார்கள்.

2014 மக்களவைத் தேர்தலில் உ.பி.யில் ஏறக்குறைய 20 சதவீத ஓட்டு வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2017இல் முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ 100 இடங்களைக் கொடுத்துப் பார்த்தது கட்சி. கிடைத்தவை 19. 2019இல் பழைய பகையை மறந்து சமாஜ்வாதியோடு சேர்ந்து, மைன்புரியில் முலாயமோடு ஒரே மேடையில் நின்றார் மாயாவதி. மக்களவையில் 10 இடங்கள் கிடைத்தன. ஆனால் யாதவ் ஓட்டு தங்களுக்கு வரவில்லை என்று சொல்லி, முடிவு வந்த சில நாட்களிலேயே கூட்டை முறித்தார். பழைய பல்லவிதான்: கொடுக்கல் உண்டு, வாங்கல் இல்லை.

2021 ஜூலையில் மிஸ்ரா மறுபடி புறப்பட்டார், இம்முறை அயோத்தியிலிருந்து. 'பிரபுத்த' மாநாடுகள் என்ற பெயரில் பழைய பிராமணர் மாநாடுகள். ஆனால் அடித்தளமே ஆடிக்கொண்டிருக்கும்போது மாடி கட்ட முடியாது. 2022 சட்டமன்றத் தேர்தலில் கிடைத்தது ஒரே இடம்: பலியா மாவட்டத்தின் ரஸ்ரா. வென்றவர் தாக்கூர் சமூகத்து உமாசங்கர் சிங். தலித்துகளின் கட்சிக்குச் சட்டமன்றத்தில் ஒரு தலித்கூட இல்லை.

பிஜ்னோருக்குத் திரும்பினால்

கட்சி கதையை முடித்துக்கொள்ளவில்லை. 2025இல் சகோதரக் கமிட்டிகள் மீண்டும் பேசப்பட்டன. இம்முறை பிற்பட்டோரையும் முஸ்லிம்களையும் நோக்கி. அண்ணன் மகன் என்று சொல்லப்படாத குறையாக வளர்க்கப்பட்ட தம்பி மகன் ஆகாஷ் ஆனந்த், வாரிசாக அறிவிக்கப்பட்டு, விலக்கப்பட்டு, சேர்க்கப்பட்டு, நீக்கப்பட்டு, மறுபடியும் 2025இல் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 9, கன்ஷிராம் நினைவு நாளில், லக்னோவில் நடந்த பேரணிக்கு நீலக் கொடிகளோடு வந்த பெருங்கூட்டம் எதிரிகளையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அழைத்தால் வரும் கூட்டம் இன்னும் இருக்கிறது. கேள்வி, எதற்காக அழைப்பது என்பதில்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குப் பஞ்சாபே சாட்சி. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகள் வாழும், கன்ஷிராம் பிறந்த மாநிலம் அது. அங்கே கட்சிக்குக் கிடைத்த மிகப்பெரிய வெற்றி 1992இல் 9 சட்டமன்ற இடங்கள். கணக்குப்படி வந்திருக்க வேண்டிய ஆட்சி வரவே இல்லை. மக்கள் பேனாவின் உடலும் மூடியும் அல்ல. அவர்களை ஒன்றாகத் திருக உள்ளூரில் ஓயாமல் உழைக்கும் கை வேண்டும்.

அந்தக் கை எங்கே போயிற்று என்பதைக் காட்டுகிறது, மாயாவதியை முதன்முதலில் மக்களவைக்கு அனுப்பிய பிஜ்னோர் மாவட்டம். அங்குள்ள நகீனா தனித் தொகுதியை 2019இல் வென்றது பகுஜன் சமாஜ். 2024இல் அங்கே கட்சி வேட்பாளருக்கு டெபாசிட்கூடக் கிடைக்கவில்லை. ஒன்றரை லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் சந்திரசேகர் ஆசாத். வயது முப்பதுகளில். ஜாதவ். கழுத்தில் நீலத் துண்டு. சொந்தக் கட்சியின் பெயரிலேயே கன்ஷிராமையும் சேர்த்துக்கொண்டவர். அதைத் தொடங்கியதும் கன்ஷிராமின் பிறந்தநாளான மார்ச் 15 அன்றுதான், 2020இல். தலித் தெருக்களோடு முஸ்லிம் மொஹல்லாக்களும் அவருக்கு ஓட்டளித்தன. அடிபட்டவன் வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர் என்ற பெயர்தான் அவருக்கு முதலீடு.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் சைக்கிளில் வந்த ஒருவர் சேரியில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பேனாவைக் காட்டிப் பேசினார். அவரிடம் அப்போது கொடுப்பதற்குப் பதவி இல்லை, பணம் இல்லை. வந்து உட்கார்ந்ததே அவர் கொடுத்தது. பிராமணரை அழைத்தது யானையின் தவறல்ல. எல்லோரையும் அழைக்காமல் எந்தக் கட்சியும் நாட்டை ஆள முடியாது. புதிய விருந்தாளிகளுக்கு வாசலில் கோலம் போட்ட அவசரத்தில், வீட்டுக்குள் இருந்தவர்களிடம் உட்கார்ந்து பேச மறந்ததுதான் தவறு. பிஜ்னோரின் கிராமச் சாலைகளில் இப்போது வேறு யாரோ வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.